பிபிஎம்என் படம் வரையப் பழகுவோம்: கொழுந்து மடுவத்திலிருந்து தொடக்கம்

சாதாரண தரத்தில் ஐசிடி படித்தவர்களுக்குப் பாய்ச்சற் கோட்டுப்படம் தெரிந்திருக்கும். பெட்டி, சாய்சதுரம், அம்புக்குறி என்று ஒரு வேலை படிப்படியாக நகர்வதைக் காட்டுவது. அதில் இரண்டு விஷயங்களைச் சரியாகக் காட்ட முடியாது. இந்த வேலையைச் செய்வது யார் என்பது ஒன்று. யாருக்காக, எதற்காகக் காத்திருக்கிறோம் என்பது மற்றது. பிபிஎம்என் (BPMN), அதாவது ஒரு நிறுவனத்தின் வேலை முறையைப் படமாக வரையும் குறியீட்டு முறை, இந்த இரண்டையும் காட்டுகிறது. கம்பனிகளில் வேலை முறைகளை ஆராய்பவர்களும் மென்பொருள் எழுதுபவர்களும் இதைக் கையில் வைத்திருப்பது அதனால்தான்.

இதன் முதல் பதிப்பு 2004 மே மாதம் வந்தது. ஐபிஎம் நிறுவனத்தில் இருந்த ஸ்டீபன் வைட் அதை உருவாக்கியவர்களில் முக்கியமானவர். 2005 இல் ஓஎம்ஜி என்ற தரநிலை அமைப்பு அதைப் பொறுப்பேற்றது. 2011 ஜனவரியில் 2.0 பதிப்பு வந்தது, 2013 இல் அது ஐஎஸ்ஓ/ஐஇசி 19510 என்ற சர்வதேசத் தரமாகவும் ஆனது. ஆகவே நுவரெலியாவில் வரைந்த படத்தை ஜெர்மனியில் இருப்பவர் அப்படியே வாசிக்கலாம்.

புத்தகங்களில் வரும் உதாரணங்கள் பெரும்பாலும் பீட்சா கடை, விமான டிக்கெட், கடன் விண்ணப்பம் என்று இருக்கும். நாம் தேயிலைத் தோட்டத்தின் கொழுந்து நிறுவையை எடுத்துக்கொள்வோம். மலையில் எடுத்த கொழுந்து அதை நிறுக்கும் கொட்டகையான மடுவத்துக்கு வருகிறது, தராசில் ஏறுகிறது, கழிவு என்று சில கிலோ எடையில் கழிக்கப்படுகிறது, கிலோ பதிவாகிறது, லொறியில் ஏறித் தொழிற்சாலைக்குப் போகிறது. பார்க்க எளிதான வேலைதான். வரைய உட்கார்ந்தால் பிபிஎம்எனில் ஒரு புதியவருக்குத் தேவையான எல்லாமே இதற்குள் இருக்கிறது.

பென்சில் எடுக்கும் முன்

முதலில் ஒரு கேள்விக்குப் பதில் எழுதுங்கள்: இந்தப் படத்தில் 'ஒரு தடவை' என்றால் என்ன?

ஒருவர் ஒரு கூடைக் கொழுந்தைக் கொண்டுவந்து எடை பார்ப்பது ஒரு தடவையா? அந்தக் கொழுந்து முழுவதும் லொறி ஏறுவது ஒரு தடவையா? மாத முடிவில் அவர் கையில் சம்பளம் கிடைப்பது வரைக்கும் ஒரு தடவையா? மூன்றும் வேறு வேறு. எடை பார்ப்பது நாளுக்குச் சில முறை ஒவ்வொருவருக்கும் நடக்கும், சம்பளம் மாதத்துக்கு ஒருமுறைதான். இவற்றை ஒரே படத்தில் அம்புக்குறியால் கோத்தால், ஒவ்வொரு கூடைக்கும் ஒரு மாதச் சம்பளம் கொடுப்பதாகத்தான் படம் சொல்லும். புதியவர்கள் வரையும் படங்களில் நான் அதிகம் பார்க்கும் பிழை இது. குறிகளில் வரும் பிழையை அழித்துத் திருத்திவிடலாம். இதில் பிழைத்தால் முழுப் படமும் போய்விடும்.

நாம் இப்படி வைத்துக்கொள்வோம்: ஒரு நிறுவை நேரம் என்பது ஒரு தடவை. மடுவத்துக்குக் கொழுந்து வந்து சேர்வதில் தொடங்கி, அந்தக் கொழுந்து தொழிற்சாலையில் ஏற்கப்படுவதில் முடிகிறது. சம்பளம் இதற்குள் வராது. அதைப் பிறகு பார்ப்போம்.

யார் எந்தப் பெட்டிக்குள்

அடுத்து பூல், லேன் என்ற இரண்டையும் வரையுங்கள். பூல் என்பது ஒரு பெரிய நீள்சதுரம், தன் வேலையைத் தானே நடத்தும் ஒரு தரப்பு. அதற்குள் நீளவாக்கில் கோடு போட்டுப் பிரித்தால் லேன். அந்தத் தரப்புக்குள் யார் யார் எந்த வேலைக்குப் பொறுப்பு என்பதை லேன் காட்டும்.

தோட்டம் ஒரு பூல். அதற்குள் கொழுந்து எடுப்பவர், கிலோவைக் கொப்பியில் பதியும் கணக்கப்பிள்ளை, லொறிச் சாரதி, தொழிற்சாலை என்று நான்கு லேன்கள் போடலாம். தேயிலையை ஏலத்தில் விற்றுக் கொடுக்கும் கொழும்புத் தரகர் நிறுவனம் வேறொரு பூல். அவர்கள் உள்ளே என்ன செய்கிறார்கள் என்பது நமக்குத் தேவையில்லை என்றால், அந்தப் பூலை வெறும் பெட்டியாகவே விட்டுவிடலாம். அது முறையான வரைதல்தான்.

இங்கே கொஞ்சம் நின்று யோசிக்க வேண்டும். தோட்டத்துப் பதிவில் இருந்து சம்பளத்துக்குக் கொழுந்து எடுப்பவர் தோட்டத்தின் பூலுக்குள் ஒரு லேன். சொந்தமாக அரை ஏக்கர் தேயிலை வைத்து, அதே தொழிற்சாலைக்குக் கொழுந்து விற்பவர் அப்படி இல்லை. அவர் தனிப் பூல். கொழுந்து ஒன்றுதான், எடுக்கும் கையும் ஒரே மாதிரிதான். ஆனால் ஒருவருக்கு எப்போது எடுப்பது, யாருக்குக் கொடுப்பது என்பதைத் தோட்டம் சொல்கிறது. மற்றவர் அதைத் தானே முடிவு செய்கிறார். சில தோட்டக் கம்பனிகள் தேயிலை நிலத்தைத் தொழிலாளர் குடும்பங்களுக்குப் பிரித்துக் கொடுத்து, கொழுந்தைக் கிலோ விலைக்கு வாங்கும் முறைக்கு வந்திருக்கின்றன. அந்தக் குடும்பத்தை எங்கே வரைவீர்கள்? எதை எப்போது செய்வது என்று யார் தீர்மானிக்கிறார்கள் என்பதைக் கேட்டுத் தெரிந்துகொள்ளாமல் வரைய முடியாது. பூலின் கோட்டைப் போடும் இடத்திலேயே உண்மையான விசாரணை தொடங்கிவிடுகிறது.

இதையொட்டி இரண்டு விதிகள். ஒரே பூலுக்குள் வேலை நகர்வதை முழுக் கோட்டால், நிரப்பிய அம்புத் தலையுடன் வரைய வேண்டும். இது வரிசை ஓட்டம். லேன் விட்டு லேன் தாண்டலாம், பூலின் எல்லையைத் தாண்டக் கூடாது. இரண்டு பூல்களுக்கு நடுவே போவது செய்தி ஓட்டம். அது விட்டுவிட்டு வரும் கோடு, தொடக்கத்தில் சின்ன வட்டம், முடிவில் நிரப்பாத அம்புத் தலை. கணக்கப்பிள்ளை தொழிற்சாலைக்கு டெலிபோன் எடுத்தாலும் இருவரும் ஒரே பூலில் இருக்கும்வரை அங்கே செய்தி ஓட்டம் வராது.

வட்டங்கள்

நிகழ்வுகள் எல்லாம் வட்டம். மெல்லிய ஒற்றைக் கோடு என்றால் தொடக்கம், இரட்டைக் கோடு என்றால் இடையில் நடப்பது, தடித்த கோடு என்றால் முடிவு. உள்ளே கடித உறை இருந்தால் செய்தி, மணிக்கூடு இருந்தால் நேரம்.

பெயர் வைக்கும்போது நடந்து முடிந்ததாக எழுதுங்கள். 'கொழுந்து மடுவத்துக்கு வந்தது', 'கொழுந்து ஏற்கப்பட்டது'. முடிவு ஒன்றுக்கு மேல் இருக்கலாம். கொழுந்து ஏற்கப்படாமலும் போகலாம் அல்லவா, அதற்கு இன்னொரு தடித்த வட்டம் போட்டு 'கொழுந்து திருப்பப்பட்டது' என்று எழுதுங்கள். வெறும் 'முடிவு' என்று மட்டும் எழுதிய வட்டம் வாசிப்பவருக்கு ஒன்றும் சொல்வதில்லை.

பெட்டிகள்

செய்கிற வேலை எல்லாம் மூலை வளைந்த பெட்டி. பெயர் ஏவலாக இருந்தால் தெளிவு: 'எடை பார்', 'கழிவு போடு', 'கிலோவைப் பதி', 'லொறியில் ஏற்று'. ஒரு பெட்டி ஒரு லேனுக்குள்தான் இருக்க வேண்டும். இரண்டு லேன்களில் கால் வைத்து நின்றால் யாருக்குப் பொறுப்பு என்று தெரியாது.

இந்தப் பட்டியலில் 'கழிவு போடு' என்ற பெட்டியைக் கவனியுங்கள். தோட்டத்தில் யாரிடமாவது 'கொழுந்து வந்ததும் என்ன நடக்கும்' என்று கேட்டால், 'நிறுப்பாங்க, எழுதுவாங்க' என்பார்கள். ஈரத்துக்கும் சாக்குக்கும் என்று சில கிலோ கழிக்கப்படுவது அந்தப் பேச்சில் வராமலே போய்விடும். நீங்கள் விடாமல் கேட்க வேண்டும்: தராசு காட்டிய எண்ணும் கொப்பியில் எழுதிய எண்ணும் ஒன்றா? இல்லையென்றால் நடுவில் ஒரு பெட்டி இருக்கிறது. அது எந்த லேனில்? எத்தனை கிலோ என்பது எதை வைத்து முடிவாகிறது? வெயில் நாளிலும் மழை நாளிலும் ஒரே அளவா? அந்தக் கழிவைத்தான் மலையில் நின்ற பெண்கள் காலம் காலமாகக் கேள்வி கேட்டு வருகிறார்கள். அது படத்தில் ஒரு பெட்டியாக, ஒருவருடைய லேனில், பெயரோடு வந்துவிட்டால் அதைப் பற்றி மேசையில் உட்கார்ந்து பேசலாம். பிபிஎம்என் நம் ஊருக்குத் தேவை என்று நான் சொல்வதற்கு முதல் காரணம் இதுதான்.

பெட்டியின் இடது மேல் மூலையில் போடும் சின்னக் குறி அந்த வேலை எந்த வகை என்பதைச் சொல்லும். கை இருந்தால் கணினி இல்லாமல் கையால் செய்வது, ஆள் உருவம் இருந்தால் ஒருவர் கணினியிலோ கைபேசியிலோ செய்வது, பற்சக்கரம் இருந்தால் மென்பொருள் தானே செய்வது. கூவிக் கேட்கும் ஏலமாக 1883 இல் தொடங்கிய கொழும்புத் தேயிலை ஏலம் 2020 இல் இணையவழிக்கு மாறியது. அதை வரைந்தால் பெட்டிகளின் வரிசை பெரிதாக மாறாது, மூலையில் இருக்கும் குறிகள்தான் மாறும். டிஜிட்டல் தராசு வந்த மடுவத்துக்கும் இதே கதை.

பெட்டியின் கீழ் நடுவில் இன்னொரு வகைக் குறி வரும். மூன்று கிடைக்கோடுகள் என்றால் அதே வேலை பலருக்கு ஒருவர் பின் ஒருவராக நடக்கும், மூன்று நிலைக்கோடுகள் என்றால் ஒரே நேரத்தில் நடக்கும். ஒரு தராசு இருக்கும் மடுவத்துக்குக் கிடைக்கோடு. கூட்டல் குறி இருந்தால் அதற்குள் வேறொரு முழுப் படம் மடித்து வைக்கப்பட்டிருக்கிறது. 'தேயிலை ஆக்கு' என்று ஒரு பெட்டி போட்டுக் கூட்டல் குறி வைத்தால் வாட்டுதல், அரைத்தல், நொதிக்க வைத்தல், உலர்த்துதல், சலித்துத் தரம் பிரித்தல் எல்லாம் உள்ளே அடங்கிவிடும். முதல் படத்தில் அதைத் திறக்க வேண்டாம்.

சாய்சதுரங்கள்

இவற்றுக்குக் கேட்வே என்று பெயர். புதியவர்கள் அதிகம் தடுமாறுவது இங்கே, அதனால் மெதுவாகப் போவோம்.

கேட்வே எந்த வேலையும் செய்யாது, எதையும் தீர்மானிக்காது. அதற்கு முன்னால் இருக்கும் பெட்டியில் விடை கிடைத்திருக்க வேண்டும். கேட்வே அந்த விடையைப் பார்த்து வழி காட்டும், அவ்வளவுதான். 'எடை பார்' என்ற பெட்டி இல்லாமல் 'கிலோ போதுமா?' என்று சாய்சதுரம் போட்டால், எதை வைத்து விடை சொல்வது?

உள்ளே பெருக்கல் குறி போட்டது, அல்லது ஒன்றும் போடாதது, ஒரே ஒரு வழியைத் தேர்ந்தெடுக்கும். நாளின் கடைசி நிறுவை முடிந்து, அன்றைய மொத்தக் கிலோவைக் கூட்டிய பிறகு, 'நாளுக்குரிய கிலோ வந்ததா?' என்ற கேள்வி. குறைந்தால் அரைப் பேர் (அரை நாள் சம்பளம்), சரியாக வந்தால் முழுப் பேர் (முழு நாள் சம்பளம்), மிஞ்சினால் முழுப் பேரோடு மேலதிகக் கிலோவுக்குக் காசு. மூன்று கோடுகள் வெளியே போகும், ஒவ்வொன்றின் மேலும் அதன் விடையை எழுத வேண்டும். எந்த விடையும் பொருந்தாவிட்டால் போக வேண்டிய வழி என்று ஒன்றைக் குறிக்க, அந்தக் கோட்டின் தொடக்கத்தில் ஒரு சாய்ந்த கீறல் போடுவார்கள். மழையால் நடுவில் வேலை நின்ற நாளுக்கு என்ன பேர் என்று கேட்டுப் பாருங்கள். நான்காவது கோடு ஒன்று தேவைப்படலாம்.

(கவனித்தீர்களா, இந்தக் கேள்வி ஒரு நிறுவைக்கு உரியது இல்லை, ஒரு நாளுக்கு உரியது. ஆகவே இதற்குத் தனிப் படம். 'ஒரு தடவை' என்ற கேள்வி திரும்பத் திரும்ப வந்துகொண்டே இருக்கும்.)

கூட்டல் குறி போட்ட சாய்சதுரம் எல்லா வழிகளையும் ஒரே நேரத்தில் திறக்கும். எடை பார்த்து முடிந்ததும் சாக்குகள் லொறிப் பக்கம் போகின்றன, கிலோக் கணக்கு கணக்கப்பிள்ளையின் கொப்பிக்குப் போகிறது. ஒன்று மற்றதுக்காக நிற்பதில்லை. பிறகு இரண்டும் சேர வேண்டிய இடத்தில் இன்னொரு கூட்டல் குறி. மொத்தக் கிலோ எழுதிய துண்டு இல்லாமல் லொறி புறப்படக் கூடாது என்றால், புறப்படும் பெட்டிக்கு முன்னால் அது நிற்கும். இரண்டு பக்கமும் வந்து சேரும் வரைக்கும் அது காத்திருக்கும்.

இப்போது மிக முக்கியமான விஷயம். பெருக்கல் குறியால் பிரித்ததைக் கூட்டல் குறியால் சேர்க்காதீர்கள். பிரியும்போது ஒரு வழிதான் திறந்தது, சேரும் இடமோ எல்லா வழியிலும் ஆள் வரும் என்று காத்திருக்கிறது. படம் அங்கேயே உறைந்துவிடும். தலைகீழாகச் செய்தால், அதாவது கூட்டலால் பிரித்துப் பெருக்கலால் சேர்த்தால், அடுத்து வரும் வேலை இரண்டு முறை நடக்கும். கேட்வே இல்லாமல் இரண்டு அம்புகளை ஒரே பெட்டிக்குள் விட்டாலும் அப்படித்தான். ஒவ்வொரு அம்பு வரும்போதும் அந்தப் பெட்டி தனித்தனியாக ஓடும். இதைப் பிடித்துக்கொள்ள ஒரு வழி உண்டு. ஒரு புளியங்கொட்டையைத் தொடக்க வட்டத்தில் வைத்து அம்பு வழியே நகர்த்துங்கள். கூட்டல் குறியில் கொட்டைகள் பெருகும், பெருக்கல் குறியில் ஒன்று ஒரு வழியே போகும். எங்காவது கொட்டை மாட்டிக்கொண்டாலோ, முடிவில் தேவைக்கு மேல் வந்து குவிந்தாலோ படத்தில் பிழை இருக்கிறது.

உள்ளே வட்டம் போட்ட சாய்சதுரமும் உண்டு. அது ஒன்றோ பலவோ வழிகளைத் திறக்கும். பழகும் வரை அதைத் தொடாமல் இருப்பது நல்லது.

காத்திருப்பது

லொறி வர வேண்டும். வராவிட்டால்? மலைப் பாதையில் இது வெறும் கற்பனை இல்லை. மண்சரிந்து வீதி மூடிய நாட்களில் சாக்குக்குள் அடைந்த கொழுந்து சூடேறிச் சிவந்துவிடும், பிறகு அதிலிருந்து நல்ல தேயிலை வராது.

இதற்கு ஐங்கோணம் வரைந்த கேட்வே. இரண்டு வழிகள் திறந்திருக்கும், எது முதலில் நடக்கிறதோ அந்த வழியே வேலை போகும். ஒரு வழியில் இரட்டைக் கோட்டு வட்டம், உள்ளே கடித உறை: 'லொறி வந்தது'. மற்ற வழியில் இரட்டைக் கோட்டு வட்டம், உள்ளே மணிக்கூடு: 'ஒரு மணித்தியாலம் கடந்தது'. அதன் பின்னால் 'தொழிற்சாலைக்கு அறிவி' என்ற பெட்டி. தேர்வை இங்கே நாம் செய்வதில்லை, வெளியே நடப்பது செய்கிறது. பெருக்கல் குறிக்கும் இதற்கும் உள்ள வேறுபாடு அதுதான். கடித உறைச் செய்தி வேறு பூலிலிருந்துதான் வரும் என்பதால், இங்கே லொறியை வெளி ஒப்பந்தக்காரர் ஓட்டுகிறார் என்று வைத்து அவரைத் தனிப் பூலாக்கி, அங்கிருந்து அந்தக் கடித உறைக்குச் செய்தி ஓட்டம் வரையுங்கள். அப்போது சாரதியின் லேனை நம் பூலிலிருந்து எடுத்துவிட வேண்டும்.

வேலை நடந்துகொண்டிருக்கும்போது குறுக்கே ஏதாவது வந்தால், பெட்டியின் ஓரத்திலேயே இரட்டைக் கோட்டு வட்டத்தை ஒட்டலாம். முழுக் கோடாக இருந்தால் அந்த வேலை அங்கேயே நின்று புது வழியில் போகும். விட்டுவிட்டு வரும் கோடாக இருந்தால் வேலையும் தொடரும், பக்கத்தில் இன்னொன்றும் தொடங்கும். 'கொழுந்தை ஏற்றிப் போ' என்ற பெட்டியின் ஓரத்தில் மணிக்கூட்டு வட்டத்தை இப்படி விட்டுவிட்டு வரும் கோட்டால் ஒட்டினால், லொறி போய்க்கொண்டே இருக்கும், இங்கே தொழிற்சாலைக்குத் தகவலும் போய்விடும்.

செக்ரோலும் சம்பளமும்

இப்போது சம்பளத்துக்கு வருவோம். நிறுவைப் படத்திலிருந்து சம்பளப் படத்துக்கு நேரே அம்பு போட முடியாது என்று பார்த்தோம். இரண்டையும் இணைப்பது செக்ரோல், அதாவது தொழிலாளரின் அன்றாடப் பேரைப் பதியும் புத்தகம். அதை உருளை வடிவத்தில் வரையுங்கள், இது தரவுக் களஞ்சியக் குறி. அன்றைய பேரைப் பதியும் படம் புள்ளிக் கோட்டால் அதற்குள் எழுதுகிறது. சம்பளப் படம் மாதம் ஒருமுறை மணிக்கூட்டு வட்டத்தில் தொடங்கி, அதே உருளையிலிருந்து வாசிக்கிறது. இரண்டு படங்களும் தனித்தனியே ஓடும், நடுவில் ஒரு புத்தகம். ஒருவருடைய பேர் விடுபட்டுப் போனால் பிழை எந்தப் படத்தில் நடந்தது என்று இப்போது தேடலாம். எழுதும்போதா, வாசிக்கும்போதா?

சிறுதோட்டக்காரருக்குக் கதை வேறு. அவருக்குக் கொடுக்கும் கொழுந்து விலை, தேயிலை ஏலத்தில் விற்ற விலையோடு சேர்ந்தது. ஆகவே கொழுந்தைக் கொடுக்கும்போது இறுதி விலை தெரியாது. அவருடைய பூலில் கொழுந்தைக் கொடுத்த பிறகு ஒரு காத்திருப்பு வட்டம் கட்டாயம் வரும்.

ஒருமுறை பயன்படும் துண்டு, பில் போன்றவற்றுக்கு மூலை மடித்த தாள் குறி. படத்தில் விளக்கம் எழுத ஒரு பக்க அடைப்பும் புள்ளிக் கோடும். இவற்றைத் தேவைக்கு மட்டும் போடுங்கள். அதிகமானால் கண்ணுக்கு வழி தெரியாமல் போகும்.

வரைந்த பிறகு

பெரிய தாளில் பென்சிலால் வரையுங்கள். ஒரு பக்கத்தில் அடங்க வேண்டும். அடங்காவிட்டால் ஒரு பகுதியைக் கூட்டல் குறிப் பெட்டிக்குள் மடியுங்கள். பிறகு அந்தத் தாளை மடுவத்துக்கே கொண்டுபோங்கள். கணக்கப்பிள்ளையிடம் தனியாக, கொழுந்து எடுப்பவர்களிடம் தனியாகக் காட்டுங்கள். சேர்த்துக் காட்டினால் ஒரு பக்கத்துப் பேச்சுத்தான் கேட்கும். குறிகளை யாருக்கும் படிப்பிக்க வேண்டியதில்லை. விரலை வைத்து 'இதுக்குப் பிறகு இது, சரியா அக்கா?' என்று கேட்டால் போதும். 'இல்ல தம்பி, அதுக்கு முன்னுக்கு இன்னொன்னு இருக்கு' என்று சொல்வார்கள். அந்த இன்னொன்றையும் சேர்த்து வரையுங்கள். இரண்டு பக்கமும் சொல்வது ஒத்துப்போகாத இடத்தில் விளக்கக் குறி போட்டு இரண்டையும் எழுதுங்கள், நீங்களாகத் தீர்ப்புச் சொல்ல வேண்டாம்.

அப்புறம்தான் கணினி. பிபிஎம்என்.ஐஓ (bpmn.io) தளத்தில் உலாவியிலேயே இலவசமாக வரையலாம். இணைப்பு அடிக்கடி அறுந்துபோகும் இடத்தில் இருப்பவர்கள் கமுண்டா மாடலர் (Camunda Modeler) என்ற மென்பொருளை இறக்கி வைத்துக்கொண்டால் இணையம் இல்லாமலும் வேலை நடக்கும். பெட்டிகளுக்குள் தமிழிலேயே தட்டச்சு செய்யலாம், படம் அதைத் தாங்கும். கோப்பைப் படமாக மட்டும் வைக்காமல் .bpmn வடிவத்திலும் சேமியுங்கள். அது உள்ளே எக்ஸ்எம்எல் எழுத்துக்களால் ஆனது, வேறு மென்பொருளிலும் திறந்து திருத்தலாம். கோப்பின் பெயரில் திகதியையும் எந்த மடுவம் என்பதையும் சேர்த்துவிடுங்கள். பக்கத்துப் பிரிவில் நிறுவை வேறு மாதிரி நடக்கலாம், அதற்குத் தனிக் கோப்பு.